ஆடு தின்ற ஆலயம்

எங்கள் ஊர்க்காரனுக்கு வெள்ளையாக ஏதாவது தேவைப்பட்டால், கை தானாக உப்பு மூட்டைக்குத்தான் போகும். பல் விளக்க உப்பு. மீன் கழுவ உப்பு. கபடிக்குக் கோடு போடவும் உப்புதான். (கோட்டின் மேல் விழுந்து முட்டி தேய்ந்தவன் போடுகிற அலறலில் விசிலுக்கே வேலை இருக்காது.) மரக்காணத்து உப்பளத்துப் பக்கம் பிறந்து வளர்ந்தவனுக்கு உப்பு ஒரு பொருளே இல்லை. காற்று, வெயில் மாதிரி அதுபாட்டுக்குக் கிடக்கும். இதை முதலிலேயே சொல்லிவைப்பது எதற்கு என்றால், நான் செய்த காரியத்தில் ஊருக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்று நீங்கள் நினைக்கமாட்டீர்களா என்ற நப்பாசைதான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பஜாரில் ஜெராக்ஸ் கடை. கல்யாணமாகி ஆறு மாதம். இதெல்லாம் போதாதென்று, எங்கள் சபையின் கட்டடக் கமிட்டிக்குச் செயலாளர் வேறு. சபையில் ஈமெயில் அனுப்பத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதுதான் தகுதி. என்ன அனுப்புகிறேன் என்று யாரும் கேட்டதில்லை.

சபை என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். உப்பளத்தை ஒட்டி ஒரு தென்னங்கீற்றுக் கொட்டகை, அவ்வளவுதான். உப்புக்காற்றில் இரும்புத் தூண்கள் பட்சணம் மாதிரி உதிரும். மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே வந்துவிடும். இஸ்ரவேலர்கள் செங்கடலைக் கால் நனையாமல் கடந்த கதையை, எங்கள் பாஸ்டர் ஞானராஜ் ஐயா கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு பிரசங்கம் செய்ததை நானே கேட்டிருக்கிறேன். ஆனாலும் ஆள் கூடிக்கொண்டே போனது. கைக்குழந்தைக்காரிகள் உள்ளே இடமில்லாமல் வெயிலில் குடை பிடித்துக்கொண்டு ஆராதனை செய்தார்கள்.

கட்டடம் கட்டக் கடன் கேட்டு ஒரு பேங்குக்குப் போனோம். மேனேஜர் நல்ல மனிதர். காபி எல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கையை விரித்தார். "நாளைக்கு நீங்க கட்டலைன்னா, நான் சர்ச்சை ஏலம் விட முடியுமா சார்? எங்க வீட்டுல என்னை உள்ள சேப்பாங்களா?"

அப்புறம்தான் சென்னையில் இருந்த ஒரு கிறிஸ்தவ முதலீட்டு நிதியைப் பற்றிக் கேள்விப்பட்டோம். ஏற்பாடு எளிமையானது. விசுவாசிகள் தங்கள் சேமிப்பை அதில் போடுவார்கள். பேங்கைவிடக் கொஞ்சம் குறைவான வட்டிதான் கிடைக்கும், தெரிந்தேதான் போடுவார்கள். அந்தப் பணத்தை, எங்களைப் போல வளர்கிற சபைகளுக்குக் கட்டடம் கட்ட நிதிக்காரர்கள் கடனாகக் கொடுப்பார்கள். சபை மாதாமாதம் திருப்பிக் கட்டும். வந்த பணம் அடுத்த ஊர் சபைக்குப் போகும்.

எல்லாம் சரி, ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். உப்பு மண்ணில் கட்டக் கூடாது. கம்பி துருப்பிடித்துப் பத்து வருஷத்தில் சுவர் பிளந்துவிடுமாம். மரக்காணத்தில் உப்பில்லாத மண்ணைத் தேடுவது என்ன லேசான வேலையா? ஒரு வருஷம் அலைந்தோம். கடைசியில் கூனிமேடு போகிற வழியில் ஒரு மேட்டு நிலம் கிடைத்தது. பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் அப்படி இனிக்கும். எங்கள் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைச் சபைக்கென்று எடுத்து வைப்பார்கள். அந்த அரிசியை விற்று விற்றுச் சேர்த்த காசில்தான் அந்த நிலத்தை வாங்கினோம். இந்த மண்ணும் சரியில்லை என்றால், அடுத்த நிலம் வாங்க இன்னும் எத்தனை வருஷம் உலை கொதிக்க வேண்டுமோ தெரியாது.

தை மாதத்தில் நிதியிலிருந்து ஈமெயில் வந்தது. சனிக்கிழமை காலை இரண்டு பேர் வருகிறார்கள். பணம் போட்டவர்களின் சார்பில் ஒருவர், கூடவே ஒரு இன்ஜினியர். நிலத்தைப் பார்ப்பார்கள், மண்ணைச் சோதிப்பார்கள். மண் நன்றாக இருந்தால் கடன் உறுதி. இல்லையென்றால் விண்ணப்பத்தை மூடிவிடுவார்கள். இதை நான் பிரிண்ட் எடுத்து, பாஸ்டருக்கு வாசித்துக் காட்டி, லேமினேஷன் வேறு செய்து வைத்தேன். அதாவது, தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் தப்பிக்க வழியே இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் கடையில் உட்கார்ந்து யோசித்தேன். வெறும் பொட்டலைக் காட்டி 'இங்கே ஆலயம் வரும்' என்றால் வருகிறவர்கள் எப்படி நம்புவார்கள்? மனதில் பதியாதே! அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. பிளானில் இருக்கிற அளவுப்படியே, சுவர், வாசல், பிரசங்க மேடை எல்லாவற்றையும் தரையில் கோடு போட்டுக் காட்டிவிட்டால்? சாயங்காலமே கயிறு, முளைக்குச்சி, என் மனைவி எப்சி ஆகியவற்றோடு நிலத்துக்குப் போனேன். கூடவே ஒன்றரை மூட்டை உப்பு.

எப்சி பொம்மையார்பாளையத்துக்காரி. உப்பளம் அவளுக்குப் புதுசு. அதனால் அவள் புத்தி சரியாக வேலை செய்தது.

"ஏங்க, பஜார்ல சுண்ணாம்புப் பவுடர் விக்குதில்ல?"

"சுண்ணாம்பு டல்லடிக்கும் எப்சி. உப்பு பாரு, காலை வெயில்ல மினுமினுன்னு இருக்கும். கார்லேர்ந்து எறங்கும்போதே அசந்துடுவாங்க."

"ஆடு மாடு வந்துதுன்னா?"

"வராது."

"பனி பேயுதே, கரையாதா?"

"நான் உப்பளத்துல பொறந்தவன்மா. எனக்குத் தெரியாதா?"

அவள் அதற்கு மேல் பேசவில்லை. (கல்யாணமான புதுசு. இப்போதெல்லாம் பேசுவாள்.) நான் குனிந்து குனிந்து கோடு போட்டேன். சுவருக்கு ஒரு சாண் அகலம். பிரசங்க மேடைக்கு மட்டும் கோடு போதாது என்று அரை மூட்டையைக் கொட்டி மெத்தை மாதிரிப் பரப்பினேன். முடித்துவிட்டுப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. உப்பு என்றால் எங்களுக்குச் சுத்தமான பொருள். அதை நல்ல மண்ணில் போடுவது மண்ணைக் கெடுப்பது ஆகும் என்று, சத்தியமாகச் சொல்கிறேன், என் மண்டைக்குள் ஒரு மூலையில்கூடத் தோன்றவில்லை.

காலை ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தேன். ஆலயத்தைக் காணோம்.

தைப்பனி பாதியைக் கரைத்து மண்ணுக்குள் இறக்கியிருந்தது. மீதியைப் பன்னிரண்டு ஆடுகள் நக்கிக்கொண்டிருந்தன. கிழக்குச் சுவரில் நாலு, வாசலில் மூன்று. கொம்பு வளைந்த ஒரு பெரிய கிடா சரியாகப் பிரசங்க மேடையில் முன்னங்காலை மடித்து, தலையைக் குனிந்து, பயபக்தியோடு நக்கிக்கொண்டிருந்தது. நான் துண்டைச் சுழற்றிக்கொண்டு ஓடினேன். அவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அதே இடத்துக்கே வந்தன. வருகிறவர்கள் கைகழுவ டிரம்மில் வைத்திருந்த தண்ணீரையும் குடித்துத் தீர்த்துவிட்டுத்தான் தோப்புப் பக்கம் போயின.

சரி, கோடுதானே போச்சு, வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பாருங்கள், அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

ஒன்பது மணிக்குக் கார் வந்தது. பாஸ்டர் சால்வையோடு நின்றார். முதலில் இறங்கியவர் ரோஸ்லின் டீச்சர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ஒல்லியான உருவம், கஞ்சி போட்ட காட்டன் புடவை, கையில் குடை. நான்காவது வகுப்பில் வீட்டுப்பாடம் செய்யாத பயம் எனக்கு அந்த நிமிஷமே திரும்பி வந்தது. பின்னால் இறங்கியவர் இன்ஜினியர் சாலமோன் சார். கையில் ஒரு பை. முகத்தில் சிரிப்பு என்பதே இல்லை.

டீச்சர் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார். "நான் ரிட்டயர் ஆன பணத்தை இந்த நிதியிலதான் போட்டிருக்கேன் பாஸ்டர். பேங்க்ல போட்டா வட்டி கூட வரும்தான். ஆனா அந்தப் பணம் எங்க இருக்குதுன்னு போய்த் தொட்டுப் பாக்க முடியுமா? எனக்குச் சொந்த வீடு கெடையாது. வாடகை வீடுதான். ஆனா நாலு ஊர்ல எனக்குச் சுவரு இருக்குது." எங்களைப் பார்த்து, "இது அஞ்சாவதா இருக்கணும்னு ஜெபம் பண்ணிட்டுதான் வந்தேன்" என்றார்.

எனக்குப் புல்லரித்தது. சாலமோன் சார் பையிலிருந்து கண்ணாடிப் புட்டிகளை எடுத்தார். "பிரசங்க மேடை எங்க வருது?"

அதைக் கண்ணை மூடிக்கொண்டே காட்டுவேனே! பெருமையாக முன்னால் நடந்துபோய், "கரெக்டா இங்க சார்" என்று காலால் தட்டிக் காட்டினேன்.

அவர் குனிந்து ஒரு கரண்டி மண்ணை எடுத்துப் புட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். அந்தக் கணம்தான் எனக்கு உறைத்தது. அடப்பாவி! அரை மூட்டை உப்பு அங்கேயல்லவா கரைந்திருக்கிறது! 'சார், ஒரு நிமிஷம்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. ஒருவேளை ஆடுகள் முழுக்க நக்கியிருக்கும், மண் தப்பித்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். ஆடுகளை நம்பி நான் ஜெபித்தது அன்றைக்குத்தான்.

வேறொரு சின்னப் புட்டியிலிருந்து நாலு சொட்டு மருந்தை விட்டார். தண்ணீர் பால் மாதிரி வெளுத்துப்போனது.

"கிழக்குச் சுவர் எங்க வருது?" காட்டினேன். பால். "வாசல்?" காட்டினேன். பால். கோடு போட்ட இடமாகப் பார்த்து நானே கையைப் பிடித்து அழைத்துப்போகிறேன், வேறென்ன வரும்? சாலமோன் சார் பையை மூடினார்.

"ஸாரி பாஸ்டர். முழுக்க உப்பு. இங்க கட்ட முடியாது."

இதற்குள் உப்பளத்தில் காலை வேலை முடிந்து சபைக்காரர்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். முழங்கால் வரை உப்பு பூத்த கால்கள், கையில் சாப்பாட்டுத் தூக்கு. முன்னால் நின்ற மேரி அக்கா, "இன்னா பாஸ்டர் சொல்றாரு?" என்று கேட்டார். பாஸ்டர் கையிலிருந்த சால்வையைப் பிரித்தார், மடித்தார், மறுபடி பிரித்தார். அக்காவின் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை வெயிலில் குடை பிடித்து உட்கார்ந்திருந்த அதே குழந்தைக்காரி. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இனிமேல் மானமாவது மண்ணாங்கட்டியாவது என்று வாயைத் திறந்துவிட்டேன்.

"சார், மண்ணு நல்ல மண்ணு சார். உப்பு நான் கொட்டினது."

"எதைக் கொட்டினீங்க?"

"உப்பு சார். ஒன்றரை மூட்டை. கோடு போட்டேன்."

சாலமோன் சார் சுற்றிலும் பார்த்தார். "எங்க கோடு?"

"பனியில கரைஞ்சுடுச்சு சார். மீதிய ஆடு தின்னுடுச்சு."

"எங்க ஆடு?"

"போயிடுச்சு சார்."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "தம்பி, நான் எத்தனையோ சைட் பாத்திருக்கேன். மண்ணு சரியில்லைன்னா ஆளாளுக்கு ஒரு கதை சொல்வாங்க. ஆனா மண்ணை டெஸ்ட் பண்ண வர்றாங்கன்னு தெரிஞ்சே, அந்த மண்ணுல உப்பைக் கொட்டற அளவுக்கு ஒரு ஆளு இருக்க முடியும்னு என்னை நம்பச் சொல்றீங்களா?"

நியாயமான கேள்வி. சாதாரணமாக ஒரு மனிதன் தன்னைப் புத்திசாலி என்று காட்டிக்கொள்ளத்தான் சிரமப்படுவான். நான் முட்டாள்தான் என்று நிரூபிக்க வேண்டிய நிலைமை அன்றைக்கு எனக்கு வந்தது. நல்லவேளை, எனக்கு ஒரு சபையே துணைக்கு இருந்தது.

முதலில் என்னைப் பெற்ற அம்மா முன்னால் வந்தார். "சார், பெத்தவ சொல்றேன். இவன் செஞ்சிருப்பான். நிச்சயதார்த்த மோதிரத்தைப் பத்திரமா வெக்கறேன்னு அரிசி டிரம்முல போட்டான். போட்டதை மறந்துட்டு, அந்த அரிசியைச் சபைக்குக் கைப்பிடி அரிசியாக் குடுத்துட்டான்."

"எங்க வீட்டு அம்மாதான் அந்த அரிசிய ஏலத்துல எடுத்தாங்க" என்றார் பாஸ்டர் தாழ்ந்த குரலில். "என் தட்டுலதான் கெடச்சுது."

மேரி அக்கா விடுவாரா? "கிறிஸ்மஸ் ஸ்டாரு கட்டறேன்னு கொட்டாய் மேல ஏறினான் சார். ஏறிட்டு, ஏணி யாருக்காவது வேணும்னா எடுத்துட்டுப் போங்கன்னான். எடுத்துட்டுப் போயிட்டாங்க. மத்தியானம் வரைக்கும் மேலேயே உக்காந்துட்டிருந்தான்."

ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்ல எழுந்திருக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்கிற ஜனங்கள், அன்றைக்கு என்னைப் பற்றிச் சாட்சி சொல்ல வரிசை கட்டி நின்றார்கள். எனக்கே மறந்துபோனதெல்லாம் வெளியே வந்தது. ஒவ்வொன்றுக்கும் நான், "ஆமா சார், உண்மைதான் சார்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். கடைசியாக எப்சி வந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"சார், நான் பக்கத்துலயே நின்னேன் சார். ஆடு வரும்னு சொன்னேன். பனி பேயும்னு சொன்னேன். 'எனக்குத் தெரியாதா'ன்னாரு."

ரோஸ்லின் டீச்சர் குடையை ஊன்றிக்கொண்டு என்னையே உற்றுப் பார்த்தார். சாலமோன் சார் மட்டும் மசியவில்லை. "நீங்கெல்லாம் ஒரே சபை. உங்க கட்டடத்துக்காக நீங்க எதுவும் சொல்வீங்க. நான் எதை வெச்சு ரிப்போர்ட் எழுதறது? வாங்க டீச்சர், போகலாம்."

அவர் கார்க் கதவைத் திறந்தபோது, தோப்புப் பக்கமிருந்து ஒரு மொபெட் உறுமிக்கொண்டு வந்தது. கூனிமேட்டு காதர் பாய். பக்ரீதுக்கு ஆடு வளர்க்கிறவர். முன்னால், காலுக்கு நடுவில் அந்தக் கிடா. வண்டியை நிறுத்துவதற்கு முன்னாலேயே கத்த ஆரம்பித்துவிட்டார்.

"யா அல்லா! எவன்டா இங்க உப்பைக் கொட்டினது? எம் ஆடு பன்னெண்டும் காலையிலேர்ந்து தண்ணி தண்ணின்னு அலையுது! வவுறு பானை கணக்கா ஆயிடுச்சு! ஒண்ணு செத்துதுன்னா எவன் பதில் சொல்றது? மூள இருக்கறவன் செய்ற வேலையா இது?"

என்னை இவ்வளவு இனிமையாக யாரும் திட்டியதில்லை. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "நான்தான் பாய்! நான்தான்! இன்னும் நாலு வார்த்தை திட்டுங்க பாய்!" பாய் பயந்துபோய்க் கையை உதறிக்கொண்டார்.

டீச்சர் கேட்டார், "நீங்க இந்தச் சபைங்களா?"

"நானாம்மா? நான் கூனிமேடு ஜமாத்து. இவங்க கட்டினா எனக்கு இன்னா, கட்டலைன்னா எனக்கு இன்னா? எம் ஆட்டுக்குப் பதில் சொல்லச் சொல்லுங்க."

சாலமோன் சார் திரும்பி வந்தார். கிடாவின் தாடியைப் பிடித்துப் பார்த்தார். முடியில் உப்பு காய்ந்து ஒட்டியிருந்தது. அதைக் கொஞ்சம் சுரண்டிப் புட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றி நாலு சொட்டு விட்டார். பால்.

புட்டியைத் தரையில் வைத்துவிட்டு எங்கள் ஆண்கள் பக்கம் திரும்பினார். பிறகு, "கடப்பாரை கொண்டாங்க" என்றார்.

இந்த முறை இடத்தை அவரே தேர்ந்தெடுத்தார். "நீங்க அந்தப் பக்கம் நில்லுங்க தம்பி, கிட்ட வராதீங்க." ஆண்கள் நாலைந்து பேர் இடுப்பளவு தோண்டினார்கள். அடியிலிருந்து ஈர மண் வந்தது. புட்டியில் போட்டார். தண்ணீர் ஊற்றினார். எப்சி வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நாலு சொட்டு விழுந்தது. அவர் புட்டியை வெயிலுக்கு எதிரே உயர்த்திப் பிடித்தார். எண்ணிக்கொண்டிருந்தேன், இருபது வரை. தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது.

"ஸ்தோத்திரம்!" என்று பாஸ்டர் கத்திய கத்தலில் மொபெட்டிலிருந்த கிடா குதித்து ஓடியது. பாய் மறுபடி திட்டிக்கொண்டே அதன் பின்னால் ஓடினார்.

கோடு போட்ட இடத்தில் எல்லாம் ஒரு அடி ஆழத்துக்கு மண்ணை வெட்டி அப்புறப்படுத்த வேண்டும் என்று சாலமோன் சார் சொல்லிவிட்டுப் போனார். யார் செய்வது என்று கமிட்டியில் விவாதமே நடக்கவில்லை. மூன்று நாள் தனியாக வெட்டினேன். காதர் பாய் தினமும் வந்து நின்று மேற்பார்வை பார்த்தார். அவருடைய ஆடு ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த மழைக்கு முன்னால் கட்டடம் எழும்பிவிட்டது. குழந்தைக்காரிகள் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தார்கள். ஏழு வருஷம் மாதம் தவறாமல் கட்டினோம். போன வருஷம் கடைசித் தவணையும் முடிந்தது. நிதியிலிருந்து எங்கள் நிலப்பத்திரத்தைத் திருப்பி அனுப்பினார்கள். கூடவே எல்லாக் காகிதங்களின் நகலும் வந்தது. அன்றைக்கு ரோஸ்லின் டீச்சர் எழுதிக் கொடுத்த அறிக்கையும் அதில் இருந்தது. "ஞாயித்துக்கிழமை நீயே வாசிப்பா" என்று பாஸ்டர் என்னிடமே கொடுத்தார்.

இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். சபை வளர்கிறது, ஜனங்கள் உழைப்பாளிகள், எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசிப் பத்தி வந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. இங்கிலீஷ்தானே, விழுங்கிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? எதிரே எப்சி உட்கார்ந்திருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தேன்.

"மண்ணில் குறையில்லை. குறை செயலாளரிடம்தான். ஆனால் சபைக்காக அத்தனை பேர் முன்னால் தன்னை முட்டாள் என்று ஒப்புக்கொள்ளத் தயங்காத ஒருவர் இருக்கிற இடத்தில், என் பணம் பத்திரமாக இருக்கும்."

இரண்டாவது வாக்கியம் முடிந்ததுமே சபை முழுக்க "ஆமென்!" என்று சொல்லிவிட்டது. மூன்றாவது வாக்கியம் அந்தச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. எப்சியின் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்டது.

அதிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். போன வாரம் பைக் ஸ்டார்ட் ஆகவில்லை. அரை மணி நேரம் உதைத்தேன். பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். கம்பெனிக்காரனைக் கன்னாபின்னாவென்று திட்டினேன். ஸ்கூலுக்குக் கிளம்பி நின்ற என் மகள் வந்து பெட்ரோல் டேங்கைத் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்:

"வண்டியில குறை இல்லம்மா!"

உள்ளேயிருந்து எப்சி, "ஆமென்" என்றாள்.